பின்னால் கட்டிய கை

பள்ளிக்கூடத்தைப் பெருக்கியே காலம் தள்ளினவளுக்கு டீச்சர்களின் லட்சணம் தெரியும். சாக்பீஸ் தூள் ஜாஸ்தி விழுந்திருந்தால் அங்கே பாடம் நடந்திருக்கிறது. முறுக்குத் தூள் விழுந்திருந்தால் அரட்டை நடந்திருக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் துருவும் கருப்பு கிரீஸும் விழுந்து கிடந்த வகுப்பு என் அனுபவத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைக் கழுவித் தள்ளுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அந்த வகுப்புக்காரியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம். நான் சொல்வதைக் கேட்டு யாராவது அவளைத் தேடிப் போய்ப் பாராட்டிவிட்டால், பாவம், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பாள்.

சயின்ஸ் டீச்சர். நிரந்தரம் இல்லை, தற்காலிகம். காட்பாடியில் ஏறிக் காலை பாசஞ்சரில் வந்து இறங்குவாள். வேகவேகமாக நடந்து வருவாள், ஆனால் கை ஆடாது. பையைத் தோளில் குறுக்கே மாட்டியிருப்பாள். கை இரண்டும் காலியாக இருக்கவேண்டும் அல்லவா? எதற்கு என்றால், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வதற்கு. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும், ஏதோ திருடனைப் பிடித்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிற போலீஸ்காரன் மாதிரி. வகுப்பில் அப்படி, வராண்டாவில் அப்படி, தேசிய கீதத்துக்குக்கூட அப்படித்தான் நின்றாள். பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, முறைத்த பிறகுதான் கையைக் கீழே விட்டாள்.

நான் அந்தப் பெண்கள் பள்ளியின் ஆயா. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நான்காம் வகுப்பில் இடம் இருந்தது, எனக்குத்தான் புத்தி இல்லை என்று அந்தக் காலத்து வாத்தியார் சொன்னார். வீட்டில் உடனே ஒப்புக்கொண்டார்கள். அதனால் படித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நின்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. படித்தவள் ஒருத்தி ஒன்றுமே செய்யாமல் நின்றால் இன்னும் கூர்ந்து பார்ப்பேன்.

அவள் வந்த முதல் வாரமே காயிலான் கடைக்காரர் சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் இறக்கினார். அவிழ்த்தால் செத்த மிக்சி, செத்த இஸ்திரிப் பெட்டி, செத்த சுவர்க் கடிகாரம், றெக்கை ஒடிந்த டேபிள் ஃபேன். பிணவறை மாதிரி பெஞ்சு மேல் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். நாலு ஸ்க்ரூ டிரைவர், இரண்டு ஸ்பானர். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழட்டுங்க என்றாள். அவ்வளவுதான் பாடம்.

பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லாம் ஷூ கம்பெனிக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஷூவின் மேல்பாகத்தை எங்கள் ஊரில் அப்பர் என்போம். கம்பெனியிலிருந்து அப்பர் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். சாயந்தரம் பள்ளி விட்டுப் போனால், தடி ஊசியால் அதைக் குத்திக் குத்தித் தைக்கிறதுதான் இவர்களுக்கு விளையாட்டு. பத்து வயதிலேயே விரல் நுனி காய்த்திருக்கும். அப்படிப்பட்ட கைகளுக்கு வீட்டிலே சொல்லிக் கொடுத்த முதல் பாடம், கரண்டு சாமான் பக்கம் போகாதே என்பது. அதிலும் பொம்பளைப் பிள்ளை போகவே கூடாது.

ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "கெட்டுப் போய்ட்டா இன்னா மிஸ் பண்றது?"

"கெட்டுப் போனதுதானே. இன்னும் எப்படிக் கெடும்?"

இன்னொருத்தி மிக்சியின் அடிவயிற்றைத் திறந்துவிட்டு ஒரு கருப்புத் துண்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். டீச்சர் கையை எடுக்கவில்லை. தாடையால் மிக்சியைக் காட்டினாள்.

"என்னைக் கேக்காத. அதைக் கேளு."

நான் வராண்டாவில் பெருக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழட்டும் என்றே சொன்னேன். "சம்பளம் வாங்குறது டீச்சரு, பதில் சொல்றது மிக்சியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமாம் ஆயா. ஆனா மிக்சிக்கு லீவு கிடையாது, என்னைவிட அதுதான் நல்ல டீச்சர்" என்றாள்.

சரி, இவளிடம் வாயைக் கொடுக்கலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவரை அறிவியல் என்றால் எரிமலை. வருஷா வருஷம் கண்காட்சிக்குக் களிமண்ணில் மலை செய்து, உள்ளே எதையோ ஊற்றிப் பொங்கவிடுவார்கள், கல்வி ஆபீசர் கைதட்டுவார். பாலாற்றுக் கரையில் எந்த மலை எந்தக் காலத்தில் பொங்கியது என்று யாரும் கேட்டதில்லை. பெரிய டீச்சருக்கு அந்த எரிமலைமேல் அளவற்ற பிரியம். ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருந்தது. எரிமலை எந்தத் தொந்தரவும் தராது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்த பெண்பிள்ளைகள் தருவார்கள்.

தந்தார்கள். ஒரு திங்கட்கிழமை நஸ்ரீன் என்ற பெண்ணின் அம்மா புர்காவை வேகமாக விசிறிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். முந்தின நாள் விருந்துக்கு ஆள் வந்திருந்த நேரத்தில் மகள் மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டாளாம். திரும்பப் பூட்டியதில் ஒரு ஸ்க்ரூ மிச்சமாம். உள்ளங்கையில் அந்த ஸ்க்ரூவை வைத்து நீட்டினாள், ஏதோ பிள்ளையின் பல் விழுந்துவிட்ட மாதிரி.

"ஸ்கூலுக்குப் படிக்க அனுப்பினேன் டீச்சரம்மா, மெக்கானிக் ஷாப்புக்கு இல்ல. பேஜார் ஜாஸ்தியாப் போச்சு."

"மிக்சி ஓடுதாம்மா?"

"ஓடுது. அது வேற."

"முன்னாடி?"

அந்த அம்மா கொஞ்சம் இழுத்தாள். "முன்னாடி... தட்டித் தட்டி ஓட்டுவோம்."

"அப்ப அந்த ஸ்க்ரூ எங்க போவணும்னு அவகிட்டயே கேளுங்க. ராத்திரி தூங்க விடாதீங்க." இதைச் சொல்லும்போதும் கை பின்னால்தான். அந்த அம்மா ஸ்க்ரூவைக் கொடுக்கக் கையை நீட்டியபடியே நின்றாள், இவள் வாங்கவில்லை. கடைசியில் அதை நான்தான் வாங்கி நஸ்ரீனிடம் கொடுத்தேன். அதிலிருந்து பிள்ளைகள் இவளுக்கு வைத்த பெயர், கைகட்டி டீச்சர். பெயரை முதலில் வைத்தது யார் என்று பெரிய டீச்சர் விசாரித்தார். நான் பெருக்குமாறைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அறிவியலைவிட அதுதான் எனக்கு முக்கியம்.

பள்ளிக்கூடத்தில் தரைத்தொட்டி உண்டு. நகராட்சித் தண்ணீர் நாலு நாளுக்கு ஒருமுறை அதில் வந்து விழும். அதைக் கழிப்பறைக்கு ஏற்றுகிற மோட்டார் எரிந்துபோய், புது மோட்டாருக்குக் கடிதம் எழுதி, கடிதத்துக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. தொட்டியின் மேலே பழைய அடிபம்பு ஒன்று நின்றது. அடித்தால் மூச்சிரைக்கும், தண்ணீர் வராது. பிளம்பர் ஒருவர் வந்து பார்த்து, இது செத்துப்போச்சு என்று சாவுச் செய்தி சொல்லிவிட்டுப் போனார். தொட்டி மூடியோ இரண்டு ஆள் தூக்குகிற கனம். ஆகவே தெருக் குழாயிலிருந்து காலையில் இரண்டு குடம் நான் சுமந்து வந்து கழிப்பறையில் வைப்பேன். இருநூறு பிள்ளைகளுக்கு இரண்டு குடம். பிள்ளைகள் கெட்டிக்காரிகள், காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, நீரின் மூன்று நிலைகள் என்று பாடம் நடக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் ஆள் குறையும். காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். என் பேத்தி பவித்ரா அந்த வருஷம் ஒன்பதாவது. என் மகள் செல்வி, பவியின் அம்மா, ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. அவள் முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். "பவி பெரியவளாய்ட்டா அன்னியோட ஸ்கூல் கட். தண்ணி இல்லாத எடத்துக்கு வயசுப் பொண்ண எப்டி அனுப்புறது? வூட்ல குந்தி அப்பர் தெக்கட்டும்." நானும் தலையாட்டினேன். இதை மறைத்து என்ன பயன்? எனக்கு வேறு வழி தோன்றவில்லை. பிறகு அந்தப் பம்பு சரியாகவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுகூடப் பெண் கல்விக்காக இல்லை, என் முட்டிக்காக.

ஒருநாள் டீச்சர் பிள்ளைகளைப் பம்பைச் சுற்றி நிற்கவைத்தாள். இது ஏன் ஓடவில்லை என்றாள். கெட்டுப்போச்சு என்றார்கள். யார் சொன்னது என்றாள். பிளம்பர் என்றார்கள். பிளம்பர் சொன்னார் சரி, இது சொல்லிச்சா என்றாள். பிறகு கேட்பானேன்? மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஒரு ஸ்பானரில் இரண்டு பேர் தொங்கி, மூன்று போல்ட்டையும் கழற்றிவிட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு இரும்புத் தண்டு வந்தது. அதன் அடியில் பிஸ்டன், பிஸ்டனில் அழுகிப்போன கருப்பாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு ஊராக இருந்தால் அது என்ன என்று புத்தகத்தைப் புரட்டியிருப்பார்கள். நஸ்ரீன் குனிந்து மோந்து பார்த்தாள். "தோல் மிஸ்" என்றாள்.

தோல் வாசர். அது போனதால்தான் பம்பு மூச்சிரைத்தது. தோலுக்கு இந்த ஊரில் பஞ்சமா? மறுநாளே ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்தார்கள். எல்லாம் அப்பருக்குப் போடுகிற மெத்துமெத்தென்ற தோல். வெட்டிப் போட்டார்கள், துணி மாதிரி மடிந்துகொண்டது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாய் சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரர் தோல் ஷாப்புக் குழியில் காலம் முழுக்க நின்று செத்தவர். "இது ஆவாதுடி. பட்டத் தோல் வேணும்" என்றேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பினாள். "பட்டைத் தோல்னா என்ன ஆயா?"

இந்த வாய்ப்பு திரும்ப வருமா? பெருக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "என்னைக் கேக்காதீங்க டீச்சர். அதைக் கேளுங்க."

பிள்ளைகள் சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. டீச்சரும் சிரித்தாள். பிறகு சொன்னேன், மருந்து போடாமல் மரப்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுப் பதப்படுத்துகிற தோல், பலகை மாதிரி விறைப்பாக இருக்கும் என்று. நஸ்ரீனின் அத்தா எங்கிருந்தோ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தேடிக் கொடுத்தார். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு டம்ளரின் அடியில் கவிழ்த்து இழுத்து, அப்பர் நூலால் சுற்றிக் கட்டிக் காயவைத்தார்கள். காய்ந்ததும் கிண்ணம் மாதிரி வந்துவிட்டது. விளக்கெண்ணெயில் ஊறப்போட்டார்கள். எல்லாம் பிள்ளைகள் மூளை. டம்ளர் மட்டும் என்னுடையது. நான் டீ குடிக்கிற டம்ளர். நெளித்துக் கொடுத்தார்கள். சயின்ஸுக்காக நான் செய்த தியாகம் அது, எந்தப் புத்தகத்திலும் வராது.

வாசரை மாட்டினார்கள். தோலின் பளபளப்பான பக்கம் வெளியே, வாய் கீழே. எங்கள் ஊரில் ஷூ அப்படித்தான் உருவாகும். அச்சின்மேல் தோலைக் கவிழ்த்து இழுத்தால்தான் ஷூவுக்கு மூக்கு வரும். பிறந்ததிலிருந்து அதையே பார்த்த பிள்ளைகள், ஷூவுக்கு மூக்கு வைக்கிற மாதிரியே பம்புக்கும் வைத்துவிட்டார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

அடித்தார்கள். ஹீக் என்றது. மறுபடி ஹீக். சொட்டுத் தண்ணீர் இல்லை.

மூன்று நாள் கழற்றினார்கள், மாட்டினார்கள். டீச்சர் பம்பைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், சாமி சுற்றுகிற மாதிரி. பெரிய டீச்சர் வந்து பார்த்துவிட்டு, ஆபீசர் பார்வையிட வருவதற்குள் இதை மூடாவிட்டால் ஆளைக் கூப்பிட்டு மூடிவிடுவேன், காயிலான் மூட்டையும் அதே ஆளோடு போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் பொறுமை போய்விட்டது. பிள்ளைகள் போன பிறகு கேட்டேன்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியும்ல? சொல்லித் தொலைச்சா இன்னா?"

"அவங்களே கண்டுபிடிப்பாங்க ஆயா."

"எப்ப? என் முட்டி தேஞ்சப்புறமா?"

அவள் திரும்பி நடந்தபோது பார்த்தேன், மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் நகம் பதிய அழுத்திக்கொண்டிருந்தன. திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே பவி பெரியவளானாள். வீட்டில் இல்லை, பள்ளியில், மூன்றாவது பீரியடில். நஸ்ரீன் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். அன்று காலை நான் சுமந்த இரண்டு குடமும் பத்து மணிக்கே தீர்ந்திருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றினவளிடம் சொந்தப் பேத்திக்கு ஒரு சொம்பு இல்லை. என் பழைய புடவையை அவள் இடுப்பில் சுற்றி, வெயிலில், கடைத்தெரு வழியாகக் கூட்டிப் போனேன். அவள் தலை நிமிரவே இல்லை. இதில் சிரிக்க எதுவும் இல்லை. நானும் சிரிக்கவில்லை.

வீட்டில் மூலையில் புடவையைத் திரை கட்டி உட்காரவைத்தார்கள். பதினோரு நாள். தனித் தட்டு, தனி டம்ளர், எதையும் தொடக்கூடாது. அந்த டம்ளரைப் பிறகு யாரும் புழங்கமாட்டார்கள் என்பதால் நல்லதாக ஒன்றை வீணாக்குவானேன் என்று, நெளிந்துபோன என் டீ டம்ளரையே கொடுத்தேன். காத்து கருப்பு அண்டாமல் இருக்க, பக்கத்தில் இரும்பு இருக்கவேண்டும். செல்வி சாவிக்கொத்தை வைத்தாள். பள்ளிக்கூடம் முடிந்துபோன விஷயம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அடுத்த அப்பர் கட்டு கதவோரம் வந்து இறங்கியிருந்தது.

நாலாம் நாள் சாயந்தரம் டீச்சர் வந்தாள். கூட நஸ்ரீன். நஸ்ரீன் கையில் தட்டு. பூ, வளையல், வாழைப்பழம், நடுவில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம். உறவுக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பட்டுப்பாவாடைத் துணியாக இருக்கும் என்று ஒருத்தி கணக்குப் போட்டாள். பிரித்தால் பம்புத் தண்டு. பிஸ்டனோடு, வாசரோடு, ஒரு ஸ்பானரோடு.

செல்வியின் முகம் போன போக்கைப் பார்த்து நானே முந்திக்கொண்டேன்.

"பொண்ணு பக்கத்துல இரும்பு இருக்கணும்ல? டீச்சரு எவ்ளோ வெவரமாக் கொண்டாந்துகீறாங்க பாரு. சாவிக்கொத்தெல்லாம் எந்தப் பேயி மதிக்கும்?"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். சாஸ்திரத்தை யார் எதிர்ப்பது? எதையும் தொடக்கூடாத பெண்ணின் கையில் அந்த இரும்பைச் சாஸ்திரப்படியே வைத்தோம். டீச்சர் போகும்போது பவியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "என்னைக் கேக்காத."

மறுநாள் மத்தியானம் பவிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். தொடாமல், உயரத்திலிருந்து ஊற்றவேண்டும். தெருவில் எவளோ யாரோடோ ஓடிப்போன கதையை உறவுக்காரி ஒருத்தி சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் அங்கே இருந்தால் கை எப்படிச் சரியாக இருக்கும்? ஈ விழாமல் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர் மேலேயே சொம்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டேன். பாய் நனைந்து, பாவாடை நனைந்து, தண்ணீர் கதவுவரை ஓடியது. பவி சிரித்தாள். நாலைந்து நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது. கவிழ்ந்த டம்ளரைப் பார்த்தாள். மடியில் இருந்த பிஸ்டனைப் பார்த்தாள். கவிழ்ந்திருந்த வாசரைப் பார்த்தாள்.

"ஆயா, டம்ளரைக் கவுத்து வெச்சிகினு தண்ணி மொள்ளுவாங்களா?"

"எனக்குக் கண்ணு மங்கல்டி, அதுக்கு இன்னா இப்ப" என்றேன். அவள் காதில் விழவில்லை. ஸ்பானரை எடுத்து நட்டைக் கழற்றி, வாசரைப் புரட்டி, வாய் மேலே பார்க்க மாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மேலேயிருந்து அழுத்தினால் கிண்ணத்தின் ஓரம் விரிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும், கீழே ஒழுகாது என்று நஸ்ரீனிடம் அன்று சாயந்தரம் திரைக்குப் பின்னாலிருந்து அவள் விளக்கியபோதுதான் எனக்கே புரிந்தது. ஆகவே அதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், அந்த ஓடிப்போனவளுக்கும் எனக்கும் சமபங்கு உண்டு.

மறுநாள் காலை நஸ்ரீனும் மற்ற பிள்ளைகளும் தண்டை மாட்டினார்கள். முதலில் பம்பின் வாயில் நான் அரைக் குடம் ஊற்றினேன். நாலு அடி ஹீக். ஐந்தாவது அடியில் கைப்பிடி கனத்தது. துருத்தண்ணீர் சிவப்பாகத் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது. பிள்ளைகள் வரிசையாக நின்று முகத்தில் அடித்துக்கொண்டு, குடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்ததை அன்றுதான் பார்த்தேன். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள்.

மணி அடித்து எல்லாரும் உள்ளே போனார்கள். நான் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓட்டைக் கதவு வழியாகப் பார்த்தால், டீச்சர் தனியாகப் பம்பிடம் வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கையை முன்னால் கொண்டுவந்தாள். கைப்பிடியை இப்படிப் பிடிப்பதா அப்படிப் பிடிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடவினாள். வெடுக்கென்று ஒரு இழு இழுத்தாள். புடவை முழுக்க நனைந்தது.

"பம்ப அடிக்கக்கூடத் தெரியாதா டீச்சர் உங்களுக்கு?"

திடுக்கிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

"தெரியாது ஆயா. ஸ்க்ரூகூட நான் கழட்டினதில்ல. காலேஜ் லேப்புல பசங்க மெஷினத் தொடுவாங்க, நாங்க பொண்ணுங்க நோட்டு எழுதுவோம். என் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க."

"வாசர் கவுந்துகீதுன்னு?"

"அதுவும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா பெரிய டீச்சர் ஒரு ஆம்பளையக் கூட்டிட்டு வந்துடுவாங்க. அவர் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவார். அதோட முடிஞ்சிடும்."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு?"

"நீங்க சொல்ற வரைக்கும் தெரியாது."

எனக்கு வாய் நீளம் என்று ஊரே அறியும். ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் சொன்னேன். "கைப்பிடிய நுனியில புடிங்க. கிட்டப் புடிச்சா கனக்கும்." அவள் நுனியில் பிடித்து, பத்து அடி அடித்தாள். பிறகு சமர்த்தாகக் கையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. தண்ணீர்தான் வந்துவிட்டதே என்று நான் ஆரம்பித்தேன். செல்வி, அப்பர் கட்டு வந்து கிடக்கிறது என்றாள். தண்ணீர் காரணம் போனால் வேறு காரணம் வரும் என்று எனக்குத் தெரியாதா? நான் சண்டை போடவில்லை.

"நிறுத்திடு. எனக்கு இன்னா? ஆனா அந்த வாசரு அப்பப்ப எண்ண கேக்கும், தேஞ்சா மாத்தணும். அதோட சூட்சுமம் இவளுக்குத்தான் தெரியும். பம்பு நின்னா நான் மறுபடி கொடம் தூக்கணும். நான் படுத்துட்டா என்னை யாரு தூக்குவா? கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நீதான்."

செல்வி என் முட்டியைப் பார்த்தாள். அப்பர் கட்டைப் பார்த்தாள். "போய்த் தொலையட்டும்" என்றாள். பெண் கல்வியைப் பற்றி எத்தனையோ பேர் மேடை ஏறிப் பேசிக் கேட்டிருக்கிறேன். என் முட்டி அளவுக்கு ஒருவர் வாதமும் எடுபட்டதில்லை.

ஆபீசர் வந்தபோது பம்பு கொட்டியது. பெரிய டீச்சர் அதற்கு நீலப் பெயின்ட் அடித்து, பழுதுநீக்க ஊக்கம் அளித்தவர் என்று ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பெயரை எழுதிவைத்தார். அவர் அளித்த ஊக்கம் என்னவென்று பம்புக்குத்தான் தெரியும். பெயின்ட் ஈரத்தோடு இருந்ததால் யாரும் தொடக்கூடாது என்று ஒரு நாள் தண்ணீர் நிறுத்தினார்கள். பக்கத்தில் எரிமலையும் வைத்திருந்தார்கள். ஆபீசர் எரிமலைக்குத்தான் கைதட்டினார்.

வருஷம் முடிந்ததும் டீச்சரின் தற்காலிகம் முடிந்தது. வழியனுப்பப் பிள்ளைகளும் நானும் ஸ்டேஷன்வரை போனோம். சால்வை போர்த்தினால் வாங்கக் கை வேண்டுமே, அதனால் தோளில் போட்டுவிட்டார்கள். ரயில் நகர்ந்தபோது எல்லாரும் கையாட்டினார்கள். அவள் வாசலில் நின்று தலையை ஆட்டினாள். கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறாளே, விழுந்து தொலையப்போகிறாள் என்று நான் திட்டியது அவளுக்குக் கேட்டிருக்காது.

பவி இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல். போன மாதம் சாயந்தரம் வந்து உட்கார்ந்தவள், லேப்பில் நடந்ததைச் சொன்னாள். நாலு பேருக்கு ஒரு மெஷினாம். மூன்று பையன்கள், இவள் ஒருத்தி. பையன்கள் மெஷினைச் சுற்றி நின்றுகொண்டு, உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ நோட்டு எழுது என்று இவளிடம் நீட்டினார்களாம்.

கைகட்டி டீச்சரின் ரகசியத்தை நான் இவளிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, இன்றுதான் சொல்கிறேன்.

"நீ இன்னாடி பண்ண?"

நகத்தில் அடைந்திருந்த கிரீஸை விளக்குமாற்றுக் குச்சியால் எடுத்துக்கொண்டே சொன்னாள். "நோட்ட வாங்கி, பக்கத்துல இருந்தவன் கையில குடுத்துட்டேன். அவன் கையெழுத்தும் நல்லாத்தான் கீது ஆயா."